பழைய விலாசம்

மென்பொருளின் வேகத்தைக் கணிக்கும் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். சூத்திரங்கள் உங்களிடம் இருக்கின்றன. என் காலத்தில் இருந்தவற்றைவிட நல்ல கருவிகளும் இருக்கின்றன. அவற்றில் நான் சொல்லித் தெரிவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே நான் பிழைவிட்ட ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். வெற்றிகளைப் பற்றிப் பேச உங்களுக்கு மேலதிகாரிகள் இருக்கிறார்கள்.

நாம் அளக்கும் மென்பொருள்களை ஒருவரே முழுவதுமாக எழுதுவதில்லை. ஒரு கூறு பெயர் பதியும், இன்னொன்று தேடும், வேறொன்று ஒப்பிடும். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆட்கள் செய்தது. அவற்றைத் தனித்தனியே அளந்து, சேர்த்தால் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஓடவிடுவதற்கு முன்பே சொல்வது நம் வேலை. என் மச்சான் ஒருவர் இதைப் பிள்ளை பிறக்க முதல் பெயர் வைக்கும் உத்தியோகம் என்று சொல்லித் திரிந்தார். அவர் சொன்னதில் பெரிய பிழையில்லை.

போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, புத்தளம் மாவட்டக் கரையோரக் குடும்பங்களுக்கு வீட்டு உதவி கொடுக்க ஓர் அமைப்பு வந்தது. பெயர் வேண்டாம். உள்ளூர்க் குடும்பம் என்றால் இருக்கும் வீட்டைத் திருத்திக் கொடுப்பார்கள். தொண்ணூறில் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம்களுக்கு, விரும்பினால், சொந்த ஊரிலேயே ஒரு வீடு. எல்லாருக்கும் ஒரே விண்ணப்பம்தான். அதில் ‘முன்னைய நிரந்தர விலாசம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பினால் சொந்த ஊர்ப் பட்டியலில் பெயர் வரும், வெறுமையாக விட்டால் வராது. பதிவுக்கு மூன்று நாட்கள். மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்குப் பட்டியலை மூடுவார்கள்.

பதிவு மென்பொருளைச் செய்தது கொழும்பில் இருந்த எங்கள் கம்பனி. எத்தனை மேசை போட வேண்டும், மணிக்கு எத்தனை பேரைப் பதியலாம் என்று சொல்லும் பொறுப்பு என்னுடையது. என் வீடு புத்தளம் பக்கம் மதுரங்குளியில் இருந்ததால் ஆட்களிடம் விசாரிக்கும் வேலையையும் என் தலையிலேயே கட்டினார்கள்.

பழைய விலாசம் இல்லாத ஒருவரைப் பதிய ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே பிடித்தது. பழைய விலாசம் கொடுத்தால் தேடும் கூறு பழைய மாவட்டத்துப் பட்டியல்களுக்குள் போகும். பிறகு ஒப்பிடும் கூறு அந்தக் குடும்பம் ஏற்கெனவே வேறு பெயரில் பதிந்திருக்கிறதா என்று பார்க்கும். இரண்டும் கொழும்பில் இருந்தன, தரவுப் போக்குவரத்து முழுவதும் தொலைபேசி இணைப்பு வழியாக. ஆளுக்கு ஆறு நிமிடம். இந்த இரண்டு அளவுகளும் சரியானவை. இன்றைக்கும் யாருடனும் அதற்காக வாதாடுவேன். மிச்சம் இருந்தது ஒரே ஒரு கேள்வி: வருகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கட்டத்தை நிரப்புவார்கள்?

ஒரு மாதத்துக்கு முன்பே கேள்வித்தாளுடன் வீடு வீடாகப் போனேன். முதல் ஒத்திகை என் வீட்டில். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிரந்தர விலாசம் என்ன என்று கேட்டேன்.

“மதுரங்குளி.”

“அதுக்கு முந்தி?”

“அது என்னத்துக்கு இப்ப? இதையே எழுதுங்க.”

எழுதினேன். எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் மன்னாரில் முசலிப் பக்கம். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டு ஊர்க்காரனுக்கு அந்தக் காலத்தில் இரண்டு இடத்திலும் மரியாதை கிடையாது. இங்கே போனால், நீங்கள் மன்னார் ஆட்கள், அங்கே போய்க் கேளுங்கள் என்பார்கள். அங்கே போனால், உங்கள் பதிவு புத்தளத்தில், அங்கே போய்க் கேளுங்கள் என்பார்கள். ஆகவே கடதாசியும் பேனையுமாக யார் வந்து நின்றாலும் ஒரே விலாசத்தைச் சொல்லப் பழகிவிட்டோம். நானும் கம்பனிப் படிவங்களில் இருபது வருடமாக மதுரங்குளி என்றுதான் எழுதிவந்தேன்.

இது தெரிந்த மனிதன் என்ன செய்திருக்க வேண்டும்? கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டு வேறு வழி பார்த்திருக்க வேண்டும். நான் நாற்பது வீடுகளுக்குப் போய், நாற்பது பதில்களையும் பதில்கள் என்றே எடுத்துக்கொண்டேன். இதுதான் எங்கட ஊர் என்று சொன்ன ஆட்களின் பேச்சிலேயே மன்னார் மணந்தது. ஆனாலும் பத்தில் ஒருவர் பழைய விலாசம் கொடுப்பார் என்று கணக்கில் போட்டேன். மணிக்கு நூற்றிருபது பேர், மூன்று மேசை போதும் என்று அறிக்கை போயிற்று. கணக்கு மிகவும் சுத்தமாக வந்தது.

பதிவு குறிஞ்சிப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே வரிசை மண்டபத்தைத் தாண்டி மணலில் நின்றது. பத்து மணிக்கு முப்பது பேர் முடிந்திருந்தார்கள். பதினொரு மணிக்கு அறுபது. வருகிற எல்லாரும் பழைய விலாசம் கொடுத்தார்கள். முந்தின வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் அறிவித்திருக்கிறார்கள்: ஊரில் வீடு வேண்டுமானால் பயப்படாமல் பழைய விலாசத்தைக் கொடுங்கள் என்று. அந்த வெள்ளிக்கிழமை நான் கொழும்பில் உட்கார்ந்து கணிப்பை மெருகேற்றிக்கொண்டிருந்தேன்.

அமைப்பின் இணைப்பாளர் சிலாபத்துக்காரர், தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் பேசுவார். அவர் என் மேசைக்கு வந்து, “நீங்க மூணு மேசை காணும் எண்டு சொன்னீங்க” என்றார். ஓம் என்றேன். “இந்த வேகத்தில மூணு நாள்ல முடியாது. முடியல்ல எண்டா நிக்கிற ஆக்களுக்கு இல்ல. எனக்கு மேல இருக்கிறவங்க நாள் நீட்ட மாட்டாங்க.” அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மதியத்து லுஹர் தொழுகைக்காக வரிசை கலைந்த நேரத்தில் தேடும் கூறினை நிறுத்தி, அதற்குக் கணினி நினைவகத்தில் கூடுதல் இடம் ஒதுக்கி, மறுபடி ஓடவிட்டேன். பெரிய பயன் இருக்கும் என்று நானே நம்பவில்லை. ஆனால் இரண்டு மணிக்கு வரிசை நகரத் தொடங்கியது. மூன்று மணிக்கு ஓடியது. என் திரையில் ஆறு நிமிடமாக இருந்த சராசரி ஒரு நிமிடத்துக்குக் கீழே வந்து நின்றது.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. காகத்துக்குத் தலைக்கனம் வந்ததுதான் பிரச்சினை. உடனே கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, சரிசெய்துவிட்டேன் என்று சொன்னேன். இணைப்பாளர் “எலக்கிரி” என்று சிங்களத்தில் மெச்சித் தோளில் தட்டினார், அவர் செலவில் பிளேன் டீயும் வந்தது. நான் இடம் ஒதுக்கிய விதத்தைப் பற்றிக் கொழும்பில் இருந்த சின்ன ஆட்களுக்கு ஒரு சிறு விளக்கமும் கொடுத்தேன்.

நீங்கள் இப்போதே கண்டுபிடித்திருப்பீர்கள். என் கணிப்பின்படி, எல்லாம் நன்றாக நடந்தால்கூட சராசரி ஒன்றரை நிமிடத்துக்குக் குறையாது. திரையில் அதைவிடக் குறைந்திருந்தது. கணித்ததைவிட மெதுவாக ஓடினால் காரணம் தேடி ஊணுறக்கம் இல்லாமல் அலைகிறோம். கணித்ததைவிட வேகமாக ஓடினால் தேநீர் குடிக்கிறோம். இரண்டாவதும் கணிப்புப் பிழைதான், அதற்கும் காரணம் கேட்க வேண்டும் என்று என்னிடம் படித்த எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ள மறந்தேன்.

இரண்டாம் நாள் முழுவதும் வரிசை அழகாக நகர்ந்தது. பின்னேரம் மூன்று மணியளவில் ஒருவர் வரிசையில் நிற்காமல் நேராக என் மேசைக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வெங்காயத் தோட்டத்து மண் காலில் காயாமல் இருந்தது. ஹனிபா என்று பெயர் சொன்னார்; மூத்தவர்களை நாங்கள் நானா என்போம். முதல் நாள் பின்னேரம் பதிந்தவர். பதிவு முடிந்ததும் கொடுக்கும் துண்டுச் சீட்டை மேசையில் விரித்து வைத்து, ஒரு வரியில் விரலை வைத்தார்.

“தம்பி, இதில ‘முன்னைய விலாசம் இல்லை’ எண்டு அடிச்சிருக்கு. எனக்கு ஊர் இல்லையா?”

உங்களிடம் கேட்டார்களா, நீங்கள் சொன்னீர்களா என்று கேட்டேன்.

“இப்ப இருக்கிற விலாசம் காணுமா எண்டு கேட்டாங்க. ஓம் எண்டன். கேட்டா ஓம் எண்டுதானே சொல்ற.”

அப்போதுதான் நான் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன். அதுவரை ஒவ்வொரு கூறும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்றே பார்த்துவந்தேன். எத்தனை தரம் அழைக்கப்பட்டது என்று பார்க்கவில்லை. முதல் நாள் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு தேடும் கூறினையும் ஒப்பிடும் கூறினையும் ஏறக்குறைய யாருமே அழைக்கவில்லை. நான் ஒதுக்கிக் கொடுத்த கூடுதல் இடத்தில் அவை சும்மா இருந்தன.

முதல் மேசையில் இருந்தவர் ஜெசிந்தா. தலவிலத் தேவாலயப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண், முப்பது வயதிருக்கும், மூன்று பேரிலும் கை வேகம் அவருக்குத்தான். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒளிக்கவில்லை.

“அந்தக் கட்டத்த விட்டா உடன வருது சேர். நிரப்பினா ஆறு நிமிஷம் சுத்துது. சனம் புள்ளையளோட வெயில்ல நிக்குது. மத்த ரெண்டு பேருக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தன்.”

“அது முக்கியமான கட்டம் எண்டு தெரியாதா?”

“ஆர் சொன்ன? எந்தக் கட்டத்தில என்ன அடிக்கிறதெண்டு சொல்லித் தந்தீங்க. என்னத்துக்கெண்டு ஒருத்தரும் சொல்லல்ல.” பிறகு சொன்னார்: “கோயில் திருநாளுக்கு வாற சனத்துக்குத் தங்க எடம் எழுதுறதும் நான்தான் சேர். அங்க பேர் ஒண்டு, ஊர் ஒண்டு. மிச்சத்தக் கேட்டா சனம் ரோட்டில படுக்கும். அந்தப் பழக்கம்.”

அவர் செய்தது வழக்கமான வேளையில் நல்ல வேலை. கூட்டம் கூடும்போது கேள்வியைக் குறைப்பது அவருடைய பழக்கம், கடதாசியைக் கண்டால் ஒரே விலாசம் சொல்வது எங்களுடைய பழக்கம். இரண்டும் ஒரே மேசையில் சந்தித்து மிக நன்றாக ஒத்துப்போயின. பயிற்சி வகுப்பை நடத்தியவன் நான். எந்தத் தெரிவு நேரத்தைத் தின்னும் என்று மூவருக்கும் விளக்கமாகச் சொன்னதும் நான்தான்.

நாங்கள் கதைத்து முடியும்வரை ஹனிபா நானா நின்றுகொண்டே இருந்தார். என் தலைக்குள் அப்போது ஒரே கணக்குத்தான் ஓடியது. அவரைப் பார்த்து, “நாளைக்கு வாங்க நானா, சரி செய்வம். பழைய விலாசத்துக்கு ஏதும் கடதாசி இருந்தா நல்லம்” என்றேன். தலையாட்டிவிட்டுத் துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

ஆயிரத்துக்குக் கிட்டிய பேர் அந்தக் கட்டம் வெறுமையாகப் பதியப்பட்டிருந்தார்கள். அவர்களில் யார் உள்ளூர், யார் வெளியூர் என்று கணினிக்குத் தெரியாது. கேட்டால்தான் தெரியும், கேட்பதற்கு எல்லாரையும் திருப்பிக் கூப்பிட வேண்டும். இந்த முறை சரியான விகிதத்தைப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு ஆறு நிமிடம் வீதம் ஒரு நாளில் கால்வாசிப் பேர்கூட முடியாது.

வாயை மூடிக்கொண்டிருக்கவும் வழி இருந்தது. திரை நன்றாக இருந்தது, இணைப்பாளர் சந்தோஷமாக இருந்தார், கொழும்பும் சந்தோஷமாக இருந்தது. கட்டம் வெறுமையாக இருந்தால் அது அந்தக் குடும்பத்தின் சொந்தத் தெரிவு என்றே எழுத்தில் நிற்கும். இதை நினைக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. பத்து நிமிடமாவது நினைத்திருப்பேன். என் மனைவியின் விலாசத்தை நான் எழுதிக்கொண்ட விதம் இடையில் வந்து நின்றதால்தான் எழுந்து போனேன்.

இணைப்பாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்ப நேத்து நீங்க சரிப்படுத்தினது?” என்றார்.

“ஒண்டையும் சரிப்படுத்தல்ல, சேர்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் யோசனையைச் சொன்னேன்: தேடுவதையும் ஒப்பிடுவதையும் மேசையிலிருந்து எடுத்துவிடுவோம். ஊரை எழுதிக்கொண்டு ஆளை அனுப்புவோம். சரிபார்ப்பதை அடுத்த வாரம் கொழும்பில் ஆறுதலாகச் செய்யலாம். அதற்காக ஒருவர் வெயிலில் நிற்கத் தேவையில்லை. ஒரே குடும்பம் இரண்டு தரம் பதிந்தால் என்ன செய்வது என்று கேட்டார். அடுத்த வாரம் பிடிபடும் என்றேன். பிடிபடாவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நான் என்றேன். அதை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். கொழும்பில் என் மேலதிகாரி, கணிப்பில் இல்லாத ஒன்றைச் செய்ய வேண்டாம் என்று தொலைபேசியில் சொன்னார். கணிப்பில் இருந்ததைச் செய்துதான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறோம் என்றேன். என் முப்பது வருட வேலையில் மேலதிகாரி ஒருவருக்கு அப்படிப் பதில் சொன்னது அந்த ஒரு தரம்தான்.

மாலைக்குள் மாற்றிவிட்டோம். மூன்றாம் நாள் காலை பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஜெசிந்தா, “என்ட பிழைய நானே போய்ச் சொல்றன்” என்று, ஓர் ஓட்டோவில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு குடியிருப்புக் குடியிருப்பாகப் போனார். “துண்டு வாங்கின ஆக்கள் திரும்ப வாங்க. கடதாசி ஒண்டும் வேணாம். ஊர்ப் பேரச் சொன்னாக் காணும்.” பதினொரு மணிக்குத் திரும்பி வந்து, தொண்டை கட்டிய நிலையிலேயே மேசையில் உட்கார்ந்துவிட்டார்.

வந்தார்கள். மேசைக்கு முன்னால் நின்று ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். சிலர் முதலில் தாழ்ந்த குரலில் சொன்னார்கள், ஜெசிந்தா திருப்பிக் கேட்டபோது உரத்துச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த ஊர்கள். நான் இருந்த இடத்துக்கு ஒவ்வொன்றும் கேட்டது, அன்றைக்குத் திரையைப் பார்த்ததைவிட அதைக் கேட்டதுதான் அதிகம். நாலரை மணிக்கு வரிசை தீர்ந்துவிட்டது. ஐந்து மணிக்கு இணைப்பாளர் பட்டியலை மூடி அனுப்பினார். அடுத்த வாரம் ஒப்பிட்டபோது இரட்டைப் பதிவுகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன.

மூன்றாம் நாளின் சராசரி ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூட. அறிக்கை நல்ல அறிக்கை. கம்பனியில் பல வருடம் அதைப் பயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள், உங்களுக்கும் காட்டியிருக்கலாம். அதில் ஒரு விஷயம் மட்டும் கிடையாது. நம் சராசரிகள் முடிந்த வேலைகளை மட்டுமே எண்ணுகின்றன. முடியாமல் போன வேலைக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று எந்தக் கருவியும் எழுதிவைப்பதில்லை.

ஆறு மணியளவில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஜெசிந்தா மின்கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வாசலில் ஹனிபா நானா நின்றார். சலவைச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அன்று விடியக் கிளம்பும் முதல் பஸ்ஸில் மன்னாருக்குப் போயிருக்கிறார். ஒலிபெருக்கி பேசியபோது அவர் இங்கே இல்லை. அங்கே கிராம அலுவலரான விதானையைத் தேடிப் பிடித்து, தான் பிறந்து வளர்ந்த ஊர் அதுதான் என்று ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறித் திரும்பி வந்திருக்கிறார். நான் சொன்ன சொல்லை நம்பி ஒரு மனிதர் பகல் முழுவதும் அலைந்திருந்தார். மற்ற எல்லாருக்கும் வேண்டாம் என்று நான் எடுத்துவிட்ட சரிபார்ப்பை அவர் ஒருவர் மட்டும் நடந்து செய்து முடித்திருந்தார்.

“இது காணுமா தம்பி?” என்று கடிதத்தை எடுத்து நீட்டினார். அதில் முத்திரையும் இருந்தது.

வெளியே போய் இணைப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். பட்டியல் ஐந்து மணிக்கே போய்விட்டது, ஒருவருக்காகத் திறக்க எனக்கு அதிகாரமில்லை என்றார். நான் திரும்பவும் கேட்டேன். அவரும் திரும்பவும் அதையே சொன்னார், முதல் தரத்தைவிட மெதுவாக. அவரில் பிழை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. முந்தின நாள் மூன்று மணிக்கு, என் மேசைக்கு முன்னால் நின்ற மனிதரிடம் ஊர்ப் பெயரைக் கேட்டு ஒரு கடதாசியில் எழுதி வைத்திருந்தால் காணும். அதற்கு அரை நிமிடம் போயிருக்காது. நான் ஆயிரம் பேரைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே வந்து அவரிடம் சொன்னேன். பட்டியல் மூடிவிட்டது என்றும், கடதாசி தேவைப்படவில்லை என்றும், பிழை என்னுடையது என்றும் சொன்னேன். வெட்கமாக இருந்தது. அவர் கடிதத்தை மடிப்புக் குலையாமல் உறைக்குள் வைத்தார். கோபிக்கவில்லை. ஜெசிந்தா கம்பியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார், ஹனிபா நானா உட்காரவில்லை.

“அப்ப நாளைக்கு வரட்டா தம்பி?” என்று கேட்டார்.

வர வேண்டாம் என்று சொன்னேன்.